பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் வாசியுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். வயது 23. யாரிடமும் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. யூடியூப் பார்த்து வந்ததுதான். சி ஸ்கேலில் மட்டும் கை ஓடும், மற்ற ஸ்கேலுக்கு டிரான்ஸ்போஸ் பட்டனைப் போட்டுச் சுருதியை மாற்றிக்கொள்வேன். எங்கள் ஆராதனையில் பாமாலை (மேற்கத்திய மெட்டுப் பாட்டு), கீர்த்தனை (ராகத்தில் அமைந்த பாட்டு), புதிய துதிப் பாடல்கள் மூன்றும் உண்டு. சமீபத்தில் ஓர் அண்ணன் பேஸ் கிடார் வாசிக்க வந்தார். அதிலிருந்து சத்தம் குழம்புகிறது. "வார்த்தையே காதில் விழல தம்பி" என்று வயதான அம்மாக்கள் சொல்கிறார்கள். "கொஞ்சம் குறைச்சு வாசிங்க" என்று ஆயரும் சொல்லிவிட்டார். குறைத்தால் வெறிச்சென்று இருக்கிறது. என் பழக்கத்தில் எதை மாற்ற வேண்டும்? கிரேடு தேர்வு எழுதலாமா? இன்னும் நல்ல கீபோர்டு வாங்கச் சொல்லிச் சபையில் கேட்கலாமா?

பதில்: தம்பி, கடிதத்தில் மற்றதெல்லாம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாசிக்கும் பல பிள்ளைகள் சொல்வதுதான். "குறைத்தால் வெறிச்சென்று இருக்கிறது" என்ற வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஆயர் சொன்னதைக் கேட்டு நீங்கள் அநேகமாக வால்யூமைக் குறைத்திருப்பீர்கள். கை அதே வேகத்தில்தான் ஓடியிருக்கும். அப்படிச் செய்தால் பழைய குழப்பம் சின்னச் சத்தத்தில் கேட்கும், அவ்வளவுதான். குறைக்க வேண்டியது ஸ்வரங்களை. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

சபையார் ஓர் அடி பாடி முடித்ததும் மூச்சு வாங்குவார்கள். அடுத்த அடி தொடங்குமுன் ஒன்றோ இரண்டோ எண்ணிக்கை இடைவெளி கிடைக்கும். கீபோர்டுக்கு உரிய இடம் அது. வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) அமுக்கிப் பிடித்துக்கொண்டு கையைச் சும்மா வைத்திருங்கள். வார்த்தை நின்றதும் இரண்டு மூன்று ஸ்வரம் வாசித்து, அடுத்த அடியின் தொடக்கத்தில் அவர்களைக் கொண்டுபோய் விடுங்கள். நீங்கள் இப்போது செய்வது இதற்கு நேர் எதிராக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் பாடும்போது வலது கையில் அதே மெட்டு, நடுநடுவே ஃபில் (இடத்தை நிரப்பும் சின்ன ஸ்வர ஓட்டம்). அவர்கள் நிறுத்தும்போது நீங்களும் நிறுத்திவிடுகிறீர்கள். அதனால்தான் வாசித்தால் நெரிசலாகவும் குறைத்தால் வெறிச்சென்றும் இருக்கிறது.

இதைப் பழக ஒரு வழி, நீங்களே வாய்விட்டுப் பாடிக்கொண்டு வாசிப்பது. குரல் சரியில்லை என்பதெல்லாம் காரணமே இல்லை. வீட்டில்தானே பாடப் போகிறீர்கள். பாடுகிறவனுக்கு வார்த்தையின் மேல் ஃபில் போட கை வராது. சரணங்கள் எல்லாவற்றையும் பாடுங்கள், முதல் சரணத்தோடு நிறுத்தாதீர்கள். மெட்டு ஒன்றாக இருந்தாலும் மூன்றாம் சரணத்தில் வார்த்தைகள் வேறு, மூச்சு வாங்கும் இடமும் சில சமயம் வேறு. அது தெரியாமல் முதல் சரணத்துக்குப் போட்ட ஃபில்லையே ஐந்து சரணத்துக்கும் போடும் கீபோர்டுகாரர்கள் நிறையப் பேர். மெட்டை அப்படியே வாசிப்பதற்கும் இடம் உண்டு: புதிய பாட்டைச் சபை கற்றுக்கொள்ளும் முதல் சில வாரங்கள், அப்புறம் பாட்டு நடத்துகிறவர் தடுமாறும்போது. பாட்டு பிடிபட்டதும் மெட்டைச் சபையிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, பேஸ் கிடார் அண்ணன் வந்ததிலிருந்து ஏன் குழம்புகிறது? உங்கள் இடது கை ஒரு பேஸ் வாசிக்கிறது. அவர் ஒன்று வாசிக்கிறார். நீங்கள் ஸ்டைல் (தாளத்தையும் பின்னணியையும் கீபோர்டே தானாக வாசிக்கும் வசதி) போட்டு வாசிக்கிறவர் என்றால் கீபோர்டுக்குள் இருக்கும் ஸ்டைலும் தன் பங்குக்கு ஒரு பேஸ் வாசிக்கும். ஆக ஒரு பாட்டுக்கு மூன்று பேஸ். கீழ் ஸ்தாயியில் நெருக்கமாக ஒலிக்கும் ஸ்வரங்களைக் காது பிரித்தறியாது, எல்லாம் சேர்ந்து ஓர் இரைச்சலாகிவிடும். அந்த இரைச்சல்தான் அம்மாக்களின் காதில் வார்த்தையை மூடுகிறது.

61 கீ உள்ள கீபோர்டில் இடது ஓரத்துக் கீ ஒரு சி. அதிலிருந்து எண்ணினால் மூன்றாவது சி தான் நடு சி. பேஸ் கிடார் இருக்கும் நாளில் இரண்டாவது சி-க்குக் கீழே உங்கள் கை போகவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினாலும் தப்பில்லை. இடது கையில் மூன்று ஸ்வரக் கார்டு பிடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு ஸ்வரம், மிஞ்சினால் அதோடு பஞ்சமம் (அதிலிருந்து ஐந்தாவது ஸ்வரம்), போதும். சில பாட்டுகளுக்கு இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்துப் பாருங்கள். முதல் வாரம் கை துறுதுறுக்கும். அண்ணன் வராத ஞாயிறன்று இடது கை கீழே இறங்கலாம், அப்போதும் ஒற்றை ஸ்வரமாகத்தான்.

வலது கைக்கும் ஒரு வேலை. யூடியூபில் கற்றவர்கள் பெரும்பாலும் எல்லாக் கார்டையும் அதன் மூல ஸ்வரத்திலிருந்தே பிடிப்பார்கள். சி-யிலிருந்து ஜி-க்கு, ஜி-யிலிருந்து ஏ மைனருக்கு என்று கை முழுதாகக் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் பாட்டில் ஓர் இடறலாகக் கேட்கும். அதற்குப் பதிலாக சி மேஜரை ஈ, ஜி, சி என்று பிடியுங்கள். ஜி மேஜருக்கு டி, ஜி, பி. நடுவிரல் இருக்கும் ஜி அப்படியே நிற்கிறது, மற்ற இரண்டும் ஒரு படி இறங்குகின்றன. ஏ மைனருக்கு சி, ஈ, ஏ. எஃப் மேஜருக்கு சி, எஃப், ஏ; இங்கே ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது. இந்த நான்கையும் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கையைப் பார்க்காமல் வாசிக்க வரும்வரை வாசியுங்கள். ஒரு மாதம் இது மட்டும் செய்தாலே உங்கள் வாசிப்பு வேறு ஆள் வாசிப்பதுபோல் கேட்கும்.

ஸ்டைல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. தபேலாவோ டோலக்கோ ஆக்டபேடோ வாசிக்க ஆள் இருந்தால் ஸ்டைலை அணைத்துவிடுங்கள். யாரும் இல்லையென்றால் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் உள்ள பேஸ், கார்டு, மற்ற வாத்தியங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக நிறுத்த முடியாத சின்ன மாடல்களில் ஆட்டோ கார்டை அணைத்துவிட்டாலே தாளம் மட்டும் ஓடும். எந்திரம் யாருக்காகவும் காத்திருக்காது. எழுபது வயது அம்மா ஒரு வார்த்தையை இழுத்துப் பாடினால், தபேலாக்காரர் அவர் முகத்தைப் பார்த்து அரை நொடி பொறுப்பார். ஸ்டைல் போய்க்கொண்டே இருக்கும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் சபை ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சஸ்டெய்ன் பெடலைக் கார்டு மாறும் நொடியில் விட்டு, புதுக் கார்டு ஒலித்ததும் மிதிக்க வேண்டும். உங்களுடையது உயரமான கூரையுள்ள பழைய கோயில் என்றால் கட்டடமே எதிரொலி கொடுக்கும், பெடல் பாதி போதும். ஸ்ட்ரிங்ஸ் டோன் மெதுவாகத்தான் எழும்பும், வேகமான பாட்டில் பின்தங்கிக் கேட்கும். அதற்கு வெறும் பியானோ நல்லது.

சரி, டிரான்ஸ்போஸ். அது பாவம் ஒன்றும் இல்லை. கையில் வராத ஸ்கேலில் திடீரென்று ஒருவர் பாடத் தொடங்கினால் தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பினால் மூன்று தொல்லை. பேஸ் அண்ணன் "என்ன ஸ்கேல்?" என்று கேட்கும்போது நீங்கள் "சி" என்பீர்கள், ஒலிப்பதோ டி ஷார்ப். அடுத்த பாட்டுக்கு அதைத் திருப்ப மறப்பீர்கள். அப்புறம் நம்ம ஊர்க் கரண்ட். பாட்டு நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடி, கீபோர்டு திரும்ப உயிர் பெறும்போது பெரும்பாலான மாடல்களில் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்கு வந்திருக்கும். சபை இரண்டரைக் கட்டையில் (டி ஷார்ப்) பாடிக்கொண்டிருக்க, நீங்கள் ஒரு கட்டையில் (சி) இறங்குவீர்கள். ஊர் மக்கள் இதை மறக்கவே மாட்டார்கள்.

மாற்றிக்கொள்வது நினைப்பதைவிடச் சுலபம். கார்டுகளை எழுத்தால் நினைக்காமல், ஸ்கேலில் எத்தனையாவது ஸ்வரம் என்ற எண்ணால் நினையுங்கள். சி-யில் சி, எஃப், ஜி, ஏ மைனர் என்பவை 1, 4, 5, 6. டி-யில் அவையே டி, ஜி, ஏ, பி மைனர். ஜி-யில் ஜி, சி, டி, ஈ மைனர். ஏ-யில் ஏ, டி, ஈ, எஃப் ஷார்ப் மைனர். சபை நன்றாக அறிந்த ஒரு பாட்டை வாரம் ஒரு ஸ்கேலில் வாசியுங்கள். டி, ஜி, ஏ, ஈ என்ற வரிசையில் போகலாம், கிடார் வாசிக்கிறவர்களுக்கும் அவை வசதி. கறுப்புக் கீயில் தொடங்கும் ஸ்கேல்களை அப்புறம் பார்க்கலாம்.

கட்டை பற்றிப் பேசும்போது இன்னொன்று. பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்பதில் கீபோர்டுகாரருக்கு ஒரு பொறுப்பு உண்டு. பயிற்சி இல்லாத பெண் குரல்கள் நடு சி-க்குக் கீழே உள்ள ஏ முதல் அடுத்த சி-க்கு மேலே உள்ள டி வரை சிரமமில்லாமல் பாடும். ஆண்களுக்கு அதுவே ஒரு ஸ்தாயி கீழே. பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரம் அந்த டி-யைத் தாண்டுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். யூடியூபில் பாடகர் எடுத்த ஸ்கேலை அப்படியே சபைக்குக் கொண்டுவந்தால் பாதிப் பேர் அனுபல்லவியிலேயே வாயை மூடிக்கொள்வார்கள். நடத்துகிறவரிடம் சனிக்கிழமையே பேசி அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளுங்கள்.

கீர்த்தனைக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் நம் பக்கத்துச் சொத்து இது. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தஞ்சாவூரில் இருந்துதான் கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவப் பாடல்களை எழுதிக் குவித்தார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் தஞ்சாவூரில் வாழ்ந்த கிறிஸ்தவர்தான். சுருதிகளைப் பற்றி அவர் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. இப்படி ராகத்தில் பிறந்த பாட்டை மேற்கத்தியக் கார்டுகளால் மூடும்போது நிதானம் வேண்டும். கீ வாத்தியத்தில் ஸ்வரம் நிலையாக நிற்கும், கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) வராது. இது போன்ற குறைகளைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. வானொலி செய்தது அதிகப்படி என்பேன், காரணம் மட்டும் உண்மை.

கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள். வாசிக்குமுன் அதைப் பாருங்கள். சங்கராபரணம் என்றால் மேஜர் ஸ்கேல், உங்களுக்குத் தெரிந்த கார்டுகள் பொருந்தும். நடபைரவி என்றால் மைனர். மோகனத்தில் ஒரு கட்டைக்கு சி, டி, ஈ, ஜி, ஏ மட்டும்தான். எஃப் மேஜர் போட்டால் ராகத்தில் இல்லாத எஃப் நுழைகிறது, ஜி மேஜர் போட்டால் பி நுழைகிறது. சி மேஜர், ஏ மைனர், வெறும் ஜி–டி இரண்டு ஸ்வரம், இவற்றிலேயே பாட்டை முடிக்கலாம். மாயாமாளவகௌளையில் சிக்கல் இன்னும் அதிகம். அதன் ஸ்வரங்கள் சி, சி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. கை பழக்கத்தில் ஜி மேஜர் போட்டால் அதில் உள்ள டி ராகத்தையே கலைத்துவிடும். சி மேஜர், சி ஷார்ப் மேஜர், எஃப் மைனர் என்று போய்ப் பாருங்கள், ராகம் கெடாது. ஆனந்தபைரவி போன்றவற்றுக்குக் கார்டே வேண்டாம் என்பது என் கட்சி. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர்போல ஷட்ஜமும் (மூல ஸ்வரம்) பஞ்சமமும் மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தால், பாடுகிறவர்கள் வளைவுகளை நிம்மதியாகப் பாடுவார்கள். பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருகிக் கமகம் கொண்டுவர முயலாதீர்கள். ஞாயிறு காலையில் அது வேண்டாம்.

பாமாலை வேறு மாதிரி. அந்த மெட்டுகள் நான்கு குரலுக்காக எழுதியவை, பல இடங்களில் எண்ணிக்கைக்கு ஒரு கார்டு மாறும். நான்கு கார்டில் அடக்கி ஸ்டைல் போட்டு வாசித்தால் பாட்டின் எலும்பு போய்விடும். தாளம் இல்லாமல், ஆர்கன் டோனில், கடைசி அடியை முன்னிசையாக வாசித்துச் சுருதியையும் வேகத்தையும் காட்டிவிட்டு, ஒவ்வோர் அடியின் முடிவிலும் நீங்களும் கையை எடுத்து மூச்சு விடுங்கள். நீங்கள் கை எடுப்பதுதான் சபைக்கு அறிகுறி. நோட்டேஷன் படிக்க வராதவரை சோப்ரானோ (மேல் குரல்) மெட்டும் கீழ் ஸ்வரமும் மட்டும் வாசித்தாலும் மரியாதையாக இருக்கும்.

ஜெபத்தின் போது பின்னணி வாசிப்பது இப்போது எல்லாச் சபையிலும் வந்துவிட்டது. வாசிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே பேட் டோன் (நீண்டு ஒலிக்கும் மென்மையான ஒலி), ஒன்றோ இரண்டோ கார்டு, மெட்டு கூடாது. தெரிந்த மெட்டை வாசித்தால் ஜெபிக்கிறவர்கள் மனதுக்குள் பாடத் தொடங்கிவிடுவார்கள். பாவ அறிக்கை நேரத்தில் கையை எடுத்துவிடுங்கள். இதற்கு ஆயரும் நன்றி சொல்வார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைக் கேட்கிறேன். வாசிக்கும்போது உங்களுக்குப் பாடுகிறவர்களின் குரல் கேட்கிறதா? பல சின்னச் சபைகளில் கீபோர்டுகாரருக்குப் பக்கத்திலேயே ஆம்ப் இருக்கும், அவருக்குத் தன் சத்தம் மட்டும்தான் கேட்கும். கேட்காத குரலுக்கு எப்படி இடம் விடுவது? மானிட்டரில் முதலில் நடத்துகிறவரின் மைக், அதற்குக் கீழே உங்கள் கீபோர்டு என்று மிக்ஸர் பார்க்கிறவரிடம் வைக்கச் சொல்லுங்கள். மானிட்டர் இல்லையென்றால் ஆம்பைக் காதுக்கு நேரே இல்லாமல் தள்ளி வைத்து, நடத்துகிறவரின் முகம் தெரியும்படி கீபோர்டைத் திருப்பிப் போடுங்கள். அவர் மூச்சு எடுப்பது கண்ணுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், வரும் ஞாயிறு உங்கள் போனில் ரெக்கார்டிங் போட்டுப் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஒரு தங்கையிடம் கொடுத்து வையுங்கள். வீட்டில் ஹெட்போன் இல்லாமல் கேளுங்கள். நீங்கள் எப்படி வாசித்தீர்கள் என்று கேட்காதீர்கள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் விழாத வார்த்தைகளைப் பென்சிலால் கோடிடுங்கள். அந்த இடங்களில் உங்கள் கை என்ன செய்தது என்று பார்த்தால் மாற்ற வேண்டிய பழக்கங்களின் பட்டியல் உங்களுக்கே கிடைத்துவிடும். என் பதிலைவிட அது துல்லியமாக இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், அதிலும் அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் மாதிரி நாட்களில் வேண்டாம். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நல்லது. பாட்டுகள் மெதுவாக இருக்கும், குறைவாக வாசித்தாலும் யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள்.

கிரேடு தேர்வு? எழுதலாம். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடுகளுக்குப் படித்தால் நோட்டேஷன் வரும், பாமாலைக்கு அது நேரடியாகப் பயன்படும். ஆனால் தேர்வில் தனியாக வாசிப்பீர்கள், இங்கே பிறர் பாட வாசிக்கிறீர்கள்; மேலே சொன்ன எதுவும் அந்தச் சான்றிதழோடு வராது. கீர்த்தனைக்காக யாரிடமாவது கர்நாடக இசையின் ஆரம்பப் பாடங்களான சரளி வரிசை, ஜண்டை வரிசை வாயால் பாடக் கற்றுக்கொண்டால் இன்னும் சந்தோஷப்படுவேன். நம்ம ஊர்ப் பக்கம் அதற்கு ஆள் கிடைக்காமல் போகாது.

புதுக் கீபோர்டு இப்போது கேட்காதீர்கள். 61 கீ போதும், மேலே சொன்ன எல்லாவற்றையும் அதில் செய்யலாம். சபையில் பணம் இருந்தால் நல்ல சஸ்டெய்ன் பெடல் ஒன்று, ஆடாத ஸ்டாண்டு, கரண்ட் போனால் கீபோர்டு அணையாமல் இருக்கச் சின்ன யுபிஎஸ் ஒன்று, மீதம் இருந்தால் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர். இந்த வரிசையில் கேளுங்கள். பேஸ் அண்ணனையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டால் கமிட்டியில் சீக்கிரம் நடக்கும்.